அப்பா பெயரில் பத்தொன்பது நாள்

செத்துப் பதினைந்து வருஷம் ஆன மனிதருக்கு அரசு மருத்துவமனையிலிருந்து மன்னிப்புக் கடிதம் வந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? சிரிப்பார்கள். அந்த வீட்டிலும் சிரித்தார்கள். தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன உறையைத் தம்பி மனைவிதான் பிரித்தாள். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, ‘உங்கள் சிகிச்சை விவரங்கள் எங்கள் கணினியிலிருந்து களவாடப்பட்டுவிட்டன; வருந்துகிறோம்; தாங்கள் எச்சரிக்கையாக இருக்கவும்’ என்று முடிந்திருந்தது.

“மாமா எங்க இருந்து எச்சரிக்கையா இருக்கறது?” என்று அவள் சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தைப் பார்த்துக் கேட்டாள். டீ குடித்துக்கொண்டிருந்த தம்பிக்குப் புரையேறியது. “அப்பாவோட மூட்டுவலியைத் திருடிட்டுப் போய் எவன் என்ன பண்ணப் போறான்?” என்றான்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “தப்பா வந்திருக்கும். குடு, நான் பாத்துக்கறேன்” என்று கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் வேலை பார்ப்பதே அந்த மருத்துவமனையில்தான். பதிவேட்டு அறையில் முப்பது வருஷம். பெரிய டாக்டரிலிருந்து துடைப்பம் பிடிக்கிற அம்மா வரைக்கும் அவளை ‘ரெக்கார்டு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கைக்கு வந்த காகிதம் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை என்று பேர். அந்த மன்னிப்புக் கடிதங்களை மடித்து உறையில் போட்டு ஒட்டியவர்களில் அவளும் ஒருத்தி. நாற்பதாயிரம் உறை. அதில் இந்த ஒரு உறையை மட்டும் எப்படியாவது உருவி எடுத்துவிட வேண்டும் என்று மூன்று நாள் கட்டுக் கட்டாகப் புரட்டினாள். கடைசியில் அது அவள் கண்ணில் படாமலே வண்டியேறிப் போய், அவள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு வார விடுப்பு. காலை பதினொரு மணிக்கே தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டான். எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தால் ஒன்று காய்ச்சலாக இருக்க வேண்டும், அல்லது பள்ளிக்கூடமே இடிந்து விழுந்திருக்க வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தை வைத்தான்.

திருடியவர்கள் திருடியதை எல்லாம் இணையத்தில் கொட்டிவிட்டார்கள். அது போதாதென்று, வேலை வெட்டி இல்லாத எவனோ ஒருத்தன் அதற்கு ஒரு தேடுகிற பக்கத்தையும் செய்து வைத்திருக்கிறான். கைபேசி எண்ணை அடித்தால் போதும், அந்த எண்ணுக்குரியவரின் வயிற்றுப்புண்ணிலிருந்து வாழ்க்கைப் புண் வரைக்கும் வந்து விழும். பெற்றோர் ஒருவர் பொழுது போகாமல் தன் பிள்ளையின் வாத்தியார் எண்ணை அடித்துப் பார்த்திருக்கிறார். நல்லா இருக்கட்டும் அந்த மகராசன். விழுந்ததைப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார், மறுநாள் காலை தலைமையாசிரியை அதை அச்செடுத்துத் தம்பி கையில் கொடுத்தார்.

காகிதத்தில் தம்பியின் கைபேசி எண் இருந்தது. பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. வயது முப்பத்தொன்று. மனநலப் பிரிவு, பத்தொன்பது நாள். எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே மருத்துவரின் குறிப்பு: ‘நோயாளி தன் பெயரை ஏற்க மறுக்கிறார். வேறொரு பெயரைத் தன் பெயர் என்கிறார். இறந்துபோன தன் தந்தையின் பெயரைச் சொல்லி யாரோ காலையில் அழைப்பதாகச் சொல்கிறார். மருந்தின் அளவைக் கூட்டவும்.’

“பிள்ளைங்க விஷயம் சார், நாங்க யோசிக்கணும்ல, அப்படிங்கறாங்க” என்றான் தம்பி. “இருபத்து மூணாம் தேதி விசாரணைக் கமிட்டி. அதுவரைக்கும் லீவு. அன்னைக்குச் சரியா பதில் சொல்லலைன்னா வேலை இல்லை.”

“நீ என்ன சொன்ன?”

“அது நான்தான் மேடம்னு சொன்னேன்.”

“ஏண்டா சொன்ன?”

“பின்ன? பொய் சொல்லச் சொல்றியா?”

அவன் அப்படித்தான். பெண் பார்க்கப் போன வீட்டில், அக்கா எவ்வளவோ கண்ணைக் காட்டியும் கேட்காமல், “எனக்கு ஒரு தடவை மனசு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்தேங்க, இப்ப நல்லா இருக்கேன்” என்று பட்டென்று சொன்னவன். அந்தப் பெண் அதைக் கேட்டுத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். அவள்தான் இப்போது சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“நான்தான்னு சொன்னா, அப்புறம் ஏன் சார் வேற பேர்ல சேர்ந்தீங்கன்னு கேக்கறாங்க. எனக்கு என்னக்கா தெரியும்? நான் அப்ப எந்த நிலைமையில இருந்தேன்?”

“அண்ணி, மாமா பேருக்கு லெட்டர் வந்துச்சே” என்றாள் தம்பி மனைவி மெல்ல.

“அதேதான்!” தம்பி மேசையைத் தட்டினான். “அப்பா ஃபைலையும் என் ஃபைலையும் ஒண்ணா கலந்துட்டானுங்க ஆஸ்பத்திரியில. அக்கா, அப்படின்னா காலையில எனக்குக் கேட்டுச்சே, அது…” மேலே சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த எட்டு வருஷமாக அவன் கண் விழித்ததும் எழுந்திருக்க மாட்டான். ஐந்து நிமிஷம் அசையாமல் படுத்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். யாரும் கூப்பிடவில்லை என்று உறுதியான பிறகுதான் காலைத் தரையில் வைப்பான்.

“கலந்திருக்கும்” என்றாள் அக்கா.

எதுவும் கலக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் அந்தக் காலையில் சேர்க்கைக் கவுண்டரில் ஆள் பற்றாக்குறை. அவளையே உட்காரச் சொல்லியிருந்தார்கள். கவுண்டரின் கம்பிக் கூண்டுக்கு வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாகத் தூங்கவில்லை, பேசவில்லை, சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. பதினெட்டு வயது இளையவன். அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு உத்தரவுக்குக் காத்திருந்தான். மனநலப் பிரிவில் இவன் பெயர் ஏறினால் வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு, நாலு பேர் வாயில் விழுந்து எழ வேண்டியதுதான் என்று பயந்தாள். புதுப் பெயரில் கோப்பு திறக்க அடையாள அட்டை வேண்டும். பழைய நோயாளி எண் என்றால் எதுவும் வேண்டாம். அப்பா வீட்டில்தான் கண்ணை மூடினார். அவருடைய எண்ணை மூட யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அந்த எண் அப்படியே உயிரோடு இருந்தது. அதைத் திறந்தாள். வயது என்ற இடத்தில் மட்டும் முப்பத்தொன்று என்று உள்ளதைப் போட்டாள். ஆபத்துக்குக் கூப்பிட அவன் எண்ணையே போட்டாள். பொய் சொல்லத் தெரியாதவள் சொன்ன பொய், அரைகுறையாகத்தானே இருக்கும்!

மனநலப் பிரிவு பின்பக்கம் தனிக் கட்டடம். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் போய்ப் பார்ப்பாள். காலையில் அங்கே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றச் சொன்னபோது, வேறு யார் கண்ணிலும் படக் கூடாது என்று அந்தக் கோப்பின் முகப்புத்தாளை அவளே உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். அதிலிருந்த டாக்டர் குறிப்பைப் படித்தபோது விரல் நின்றது உண்மை. நோய் அப்படித்தான் பேசும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடித்து முடித்தாள். திருடனுக்குச் சாப்பாடு பரிமாறி வைத்த மாதிரி ஆயிற்று.

அடுத்த வாரம் அக்காவும் தம்பியும் தேடிப் போன வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு நகல் எடுக்கும் கடைக்கு மேலே, குறுகிய படிக்கட்டு ஏறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. படியிலேயே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் அதே மன்னிப்புக் கடிதம். ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன திருட்டுப் போனதோ, யார் கேட்பது? அக்கா தலையைக் குனிந்துகொண்டே ஏறினாள்.

வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிற ஆள். சுற்றி வளைக்கத் தெரியாது. “வழி மூணு இருக்கு சார்” என்று விரலை நீட்டினார். “தகவல் பாதுகாப்பு ஆணையத்துல புகார் குடுக்கலாம். காசு கிடையாது. ஆணையம் ஆஸ்பத்திரியை விசாரிக்கும், கண்டிக்கும், அபராதம் போடும். ஆனா உங்க வேலையை அவங்க வாங்கித் தர மாட்டாங்க. அடுத்தது கூட்டு வழக்கு. வெளிய உக்காந்திருக்காங்களே, அவங்கெல்லாம் அதுக்குத்தான் வந்திருக்காங்க. பூட்டாம வெச்சதுக்கு நஷ்ட ஈடு குடுன்னு எல்லாரும் சேர்ந்து கேக்கறது. அதுல சேர இந்த லெட்டர் உங்க பேர்ல வந்திருக்கணும்.”

“அப்பா பேர்ல வந்திருக்கு மேடம்.”

“அப்பா இருக்காரா?”

“இல்லை.”

“இறந்தவங்க பேர்ல இதைக் கேக்க முடியாது. அந்த உரிமை அவரோடயே போயிடுச்சு.” கண்ணாடியை இறக்கிக்கொண்டு அச்செடுத்த தாளைப் படித்தார். நெடுநேரம் படித்தார். “சார், இது வெறும் திருட்டு இல்லை. இங்க எழுதியிருக்கறதே தப்பு. உங்க பேரை நீங்க சொன்னதைப் போய் வியாதின்னு எழுதி வெச்சிருக்காங்க. அதனால மூணாவது வழியிலதான் முதல்ல போகணும். பதிவைத் திருத்தச் சொல்லி மனு. அது உங்க உரிமை, மறுக்க முடியாது. முதல்ல நீங்க அந்த ஃபைல்ல ஆளா இருக்கணும். அப்புறம்தான் பாதிக்கப்பட்ட ஆளு. மனு வாங்கிக்கிட்டோம்னு ஆஸ்பத்திரி குடுக்கற ரசீது ஒண்ணு இருந்தா போதும், பள்ளிக்கூட விசாரணையைத் தள்ளி வைன்னு நான் கேட்டு வாங்கிடுவேன்.”

தம்பி முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. “என்ன வேணும் மேடம் அதுக்கு?”

“பேர் எப்படி மாறிச்சுன்னு காட்டணும். அன்னைக்குச் சேர்க்கைக் கவுண்டர்ல யாரு இருந்தா?” கேள்வி அக்காவைப் பார்த்து வந்தது. “நீங்க அங்கேயே வேலை பாக்கறீங்களே?”

“கூட்டமா இருந்துச்சுங்க. ஞாபகம் இல்லை.”

“பரவாயில்லை. சேர்க்கைச் சீட்டுல கையெழுத்து இருக்கும்.”

“பழைய பேப்பர்… இருக்கோ என்னமோ.”

“மேடம்,” தம்பி குறுக்கிட்டான், பெருமையாக, “எங்கக்கா கைக்குப் போன பேப்பர் தொலையாது. நீங்க கவலையே பட வேணாம். எனக்கு அந்தப் பழைய ஃபைல் வேணும். பள்ளிக்கூடம்கூட அப்புறம். காலையில என்னை நெஜமாவே கூப்பிட்டாங்களா, இல்லை என் காதுதானான்னு எனக்குத் தெரியணும்.”

அட, அந்த நேரத்தில் தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டிருந்தால் அக்கா சந்தோஷமாகப் போயிருப்பாள். வக்கீலம்மா அவளையே ஒரு கணம் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் போன பிறகு, அக்கா பதிவேட்டு அறையின் கடைசி வரிசைக்குப் போனாள். இரும்பு அலமாரிகள் கூரை வரைக்கும் நிற்கிற அறை. பூச்சி உருண்டை வாசனையும் பழைய காகிதத்தின் புளிச்ச வாசனையும் அவளுக்கு வீட்டு வாசனை மாதிரி. ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, வெள்ளை நாடா கட்டிய மெல்லிய கோப்பை எடுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, எட்டு வருஷமாக அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாத ஒரு நாள்கூட இல்லை.

முதல் தாள் சேர்க்கைச் சீட்டு. கீழே அவள் கையெழுத்து, முத்து முத்தாக. மூலையில் காகிதத்தைப் பொடிப் பொடியாக வெட்டும் இயந்திரம் இருந்தது. இந்த ஒரு தாளை அதற்குள் விட்டால் நாலு நொடி. கணினி பெயரை மாற்றிவிட்டது என்று எல்லோரும் நம்புவார்கள். ஓய்வுக்கு மூன்று வருஷம்தான் பாக்கி. முப்பது வருஷப் பேர், ஓய்வூதியம், பெரிய டாக்டர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற மரியாதை, எல்லாம் பத்திரம். தம்பி முகத்திலும் முழிக்கலாம். சீட்டைக் கோப்பிலிருந்து உருவிக்கூட விட்டாள். இயந்திரத்தின் பொத்தானை அழுத்தியும் விட்டாள். அது உர்ரென்று காத்திருந்தது.

மீதித் தாள்களில் தன் கையெழுத்து வேறு எங்காவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் புரட்டினாள். அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் ஒன்றும் அந்த நேரத்தில் தெய்வமாகிவிடவில்லை. அப்படிப் புரட்டியபோது செவிலியரின் மருந்துத் தாள் வந்தது. கணினியில் ஏற்றாத தாள். அவள் அதுவரை படித்திராத தாள்.

தேதி, நேரம், மருந்து, அளவு, குறிப்பு. காலை ஆறரை மணி. முதல் வரி: ‘பெயர் சொல்லி அழைத்தும் பதில் இல்லை.’ இரண்டாவது நாள்: ‘பெயர் சொல்லி அழைத்தும் பதில் இல்லை.’ மூன்றாவது நாளும் அதே. விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனாள். ஐந்தாவது நாளில் மருந்தின் அளவு கூடியிருந்தது. ஒன்பதாவது நாளில் இன்னும் கூடியிருந்தது. பதினான்காவது நாள்: ‘பெயர் சொல்லி அழைத்ததும் அழுதார், பதில் இல்லை.’ பதினெட்டு வரி. பத்தொன்பதாவது வரியில் வேறு கையெழுத்து: ‘பெயர் சொல்லி அழைத்ததும் கை தூக்கினார். நல்ல முன்னேற்றம். வீட்டுக்கு அனுப்பலாம்.’

அக்கா ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு போய், “நல்லா சாப்பிடறியா, நல்லா தூங்கறியா” என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். காலையில் அங்கே தூக்கமும் மருந்துமாகக் கிடந்த பிள்ளையின் தலைமாட்டில் செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிட வைத்தது அவள். இயந்திரம் மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை அணைத்தாள். சேர்க்கைச் சீட்டைப் பழையபடி முதல் தாளாக வைத்துக் கோப்பைக் கட்டினாள். பிறகு முறைப்படி நகல் கோரும் படிவத்தை எடுத்து, உறவு என்ற இடத்தில் ‘தமக்கை’ என்று எழுதி, சீட்டையும் மருந்துத் தாளையும் நகலெடுத்தாள்.

வீட்டுக்குப் போனபோது தம்பி சாப்பாட்டு மேசையில் பழைய கேள்வித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான். திருத்த நோட்டு இல்லாத வாத்தியார் வேறென்ன செய்வான்? அக்கா எதிரே உட்கார்ந்தாள். தம்பி மனைவியையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

“கவுண்டர்ல இருந்தது நான்தான்” என்றாள். “அப்பா நம்பரைத் திறந்து உன்னைப் போட்டது நான்தான். ஆஸ்பத்திரியில யாரும் எதையும் கலக்கலை. வக்கீலம்மாகிட்ட நான் சொன்னது பொய்.” நகல்களை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் சேர்க்கைச் சீட்டைப் பார்த்தான். தள்ளி வைத்தான். மருந்துத் தாளை எடுத்து, கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி வரி வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தான். கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனான்.

“அப்ப கூப்பிட்டாங்களா?” என்றான். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. “நெஜமாவே கூப்பிட்டாங்களாக்கா?”

“கூப்பிட்டாங்கடா.”

“என் காது இல்லையா?”

“இல்லை. உன் காது நல்லா இருந்துச்சு.”

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. தம்பி மனைவி அவன் முதுகில் கையை வைத்தாள். பொத்திய கைக்குள்ளிருந்தே பேசினான்: “கடைசி நாள் நான் கையத் தூக்கினேன்கா. அப்பா பேரைத்தான் சொன்னாங்க. அது நான் இல்லைன்னு தெரியும். ஆனா நான்தான்னு சொன்னாதான் வீட்டுக்கு விடுவாங்கன்னு தோணுச்சு. ‘இங்க இருக்கேன்’னு சொன்னேன். உடனே விட்டுட்டாங்க. அன்னையிலேருந்து நான் குணமாகலை, ஏமாத்திட்டு வந்தவன்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன். எட்டு வருஷம்கா.”

“உன் நல்லதுக்குத்தான்டா…” என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் அவளுக்கே அது கூசியது.

அவன் கையை எடுத்தான். கண் சிவந்திருந்தது. “என் நல்லதுக்கா? நான் எங்கயாவது மறைச்சேனா? இவகிட்ட மறைச்சேனா? பள்ளிக்கூடத்துல மறைச்சேனா? எனக்கு வெக்கமே இல்லைக்கா. வெக்கம் உனக்கு.”

அது உண்மை. சுருக்கென்று தைத்த உண்மை.

அதன் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேர் இருந்துகொண்டு, “உப்பு வேணுமான்னு கேளு”, “வேணாம்னு சொல்லு” என்று தம்பி மனைவி தலையில் தூது ஓடியது. அவளுக்கே ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. “எனக்குச் சம்பளம் குடுங்க ரெண்டு பேரும்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் அக்காவின் பக்கத்தில் வந்து நின்று, “அண்ணி, இன்னைக்குக் காலையில அவர் கண்ணு முழிச்சதும் எழுந்துட்டாரு. படுத்துக் கேக்கலை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

சனிக்கிழமை வக்கீலம்மாவிடம் தனியாகப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீலம்மா ஆச்சரியப்படவில்லை. “உங்க மேல துறை விசாரணை வரும். வேலை போகலாம். ஓய்வூதியத்துல கை வைக்கலாம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரியும்மா. பதிவேட்டுல பொய் எழுதினா என்ன தண்டனைன்னு புதுசா வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறதே நான்தான்.”

வக்கீலம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “படிவத்துல ‘தவறான பதிவைச் செய்தவர்’னு ஒரு கட்டம் இருக்கு. வழக்கமா அதை யாரும் நிரப்ப மாட்டாங்க. நிரப்பினா மனுவை ஒரே நாள்ல ஏத்துக்குவாங்க” என்றார்.

திங்கட்கிழமை இருபதாம் தேதி. விசாரணைக்கு இன்னும் மூன்று நாள். சேர்க்கைக் கவுண்டருக்கு அடுத்திருந்த பதிவேட்டு அறைக் கவுண்டரில் கூட்டம். கடிதம் வந்த நாளிலிருந்து கூட்டம் இரண்டு மடங்கு. எல்லோருக்கும் தங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அக்கா காலையிலேயே பெரிய டாக்டரின் அறைக்குப் போய், கைப்பட எழுதிய வாக்குமூலத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அவர் படித்துவிட்டு, “இன்னைக்கு ஒரு நாள் கவுண்டரைப் பாருங்க. நாளைக்குப் பேசுவோம்” என்றார். வழக்கம்போல் எழுந்து நின்று வணக்கம் சொல்லவில்லை.

மனுவை வீட்டிலேயே அவளிடம் கொடுத்திருக்கலாம். தம்பி மனைவி அதைத்தான் சொன்னாள். அவன் கேட்கவில்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு, முப்பது பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றான். வரிசை நகர நகர அக்காவின் கையெழுத்து கோணிக்கொண்டே போனது. பன்னிரண்டு மணிவாக்கில் கூண்டின் அரைவட்ட ஓட்டைக்கு வெளியே அவன் முகம் வந்தது. பத்து நாளாக அவள் முகத்தை நேராகப் பார்க்காதவன் பார்த்தான்.

எல்லோரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்க வேண்டும். கேட்டாள். “நோயாளி பேரு?”

அவன் சொன்னான். முன்னெழுத்தோடு, வகுப்பில் பின் பெஞ்சுக்கும் கேட்கிற குரலில், தன் பெயரைச் சொன்னான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எந்தப் பிரிவு?”

“மனநலப் பிரிவு. பத்தொன்பது நாள்.”

எழுதினாள். தவறான பதிவு என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினாள். சரியான பதிவு என்ற இடத்தில் தம்பியின் பெயரை எழுதினாள். அந்த மருத்துவமனையின் காகிதம் ஒன்றில் அவள் அவன் பெயரை எழுதுவது அதுதான் முதல் தடவை. கடைசிக் கட்டத்தில், தவறான பதிவைச் செய்தவர் என்ற இடத்தில், தன் பெயரையும் பதவியையும் எழுதினாள். வரிசை எண் போட்டு, முத்திரையை மையில் அழுத்தி, ஓங்கிக் குத்தினாள். தனக்கு எதிரான மனுவைத் தானே வாங்கி முத்திரை குத்தியவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

“பெஞ்சுல உக்காருங்க. ரசீது வந்ததும் கூப்பிடுவோம்” என்றாள். அதுவும் எல்லோருக்கும் சொல்வதுதான்.

அவன் போய் உட்கார்ந்தான். எட்டு வருஷத்துக்கு முன் உட்கார்ந்த அதே பெஞ்சு. அச்சு இயந்திரம் ரசீதைத் துப்பியது. அதைக் கிழித்துக் கையில் பிடித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓட்டைக்கு அருகே குனிந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவன் உடனே எழுந்திருக்கவில்லை. அப்படியே அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள்.

“இங்க இருக்கேன்கா” என்று கையைத் தூக்கினான்.